பீடி நூலில் தைத்த மனு

நேற்று மத்தியானம் ஒரு ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததிலிருந்து உடம்பு தன் இஷ்டத்துக்குப் பெருக்கிறது. தையல்காரரிடம் கொடுத்தால் இரண்டு வாரம் ஆக்குவார், அதற்குள் இன்னும் கொஞ்சம் பெருத்துவிடுவேன் என்ற பயத்தில் நானே உட்கார்ந்துவிட்டேன். பாதி பிளேடு, மூக்குக்கண்ணாடி, ஜன்னலோர வெளிச்சம். தையலில் ஒரு கண்ணை நெம்பி, நாலு கண் தள்ளி இன்னொன்றை நெம்பி, நடுவில் இருக்கிற நூலைப் பைய இழுத்தால் முழுசாக வந்துவிடும். கை இன்னும் மறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும்.

பிரித்தாயிற்று, திரும்பத் தைக்க நூல் வேண்டுமே. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். எங்கள் வீட்டில் பிஸ்கட் தீர்ந்த டப்பாவெல்லாம் நூல் டப்பாவாகிவிடும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கொக்கி, பித்தான், துருப்பிடித்த ஊசி, எந்தப் பூட்டுக்கானது என்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி. எல்லாவற்றுக்கும் அடியில் ஃபைல் அட்டையில் வெட்டிய ஒரு துண்டு கிடந்தது. அதில் வரிசை பிசகாமல் சுற்றிய சிவப்பு நூல். முகர்ந்து பார்த்தேன். புகையிலை வாசனை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படி இருக்கும், மூக்கின் பிரமைதான். ஆனாலும் அடித்தது. ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு தையல் வகுப்பு. எனக்குத் தையல் வராது. அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள், சுத்தமாக வராது. ஓட்டுத்தையல் போடச் சொன்னால் என் ஊசி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகும். தையல் டீச்சர் திட்டமாட்டார். துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், 'பிரி' என்பார். அவ்வளவுதான். பிரிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. துணியில் தடம் தெரியக்கூடாது. நூல் அறுபடாமல் வரவேண்டும். வந்த நூலை அட்டையில் சுற்றிக் காட்ட வேண்டும், நூலை வீணாக்குகிற பிள்ளை வாழ்க்கையையும் வீணாக்கும் என்பது அவர் கட்சி. இரண்டு வருஷத்தில் நான் ஒரே ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடித்தேன், அதையே பத்துப் பதினைந்து தடவை பிரித்தேன். மற்றப் பிள்ளைகள் பாவாடை தைத்து முடித்துவிட்டார்கள். எனக்குப் 'பிரிப்புக்காரி' என்று பெயர் வந்ததுதான் மிச்சம். அந்தப் படிப்பு ஒருநாள் உத்தியோகத்தில் உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உத்தியோகம் திருநெல்வேலியில் ஓர் அரசு ஆபீஸில். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே எனக்குத் தபால் பிரிவு. வருகிற தாளெல்லாம் முதலில் எங்கள் மேஜைக்கு வந்து, நம்பர் வாங்கி, பிறகுதான் மற்ற மேஜைகளுக்குப் போகும். ஆபீஸ் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது பசை வாசனைதான். மைதாவைக் காய்ச்சி, கரப்பான் தின்னாமலிருக்க மயில்துத்தம் கலந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் அந்த வாசனை வரும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், 'இன்னைக்கு என்ன, பசைக் குழம்பா?' என்று கேட்பார்.

வாரத்தில் ஒருநாள் மனு வாங்குகிற நாள். காலை ஏழு மணி டவுன் பஸ்களிலேயே ஜனங்கள் வந்து இறங்கிவிடுவார்கள். மனுவுக்கு மூன்று விதி. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கை எந்தத் துறையைச் சேர்ந்ததோ அந்தத் துறைக்கு அசலை அனுப்ப வேண்டும். மனு கொடுத்தவருக்கு, 'தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு கார்டு போட வேண்டும். கார்டு போனதும் எங்களைப் பொறுத்தவரை அந்த மனு முடிந்தது. ஒரு நாளைக்கு நூறு கார்டு எழுதியிருக்கிறேன். உறங்கும்போதுகூட வலது கை 'தங்கள் மனு' என்று எழுதுவதாக என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒரு சூப்பிரண்ட். ஆபீஸில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. மற்றப் பிரிவுகளில் மனுவை பீரோ மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர் போடமாட்டார். 'ஏம்மா, அவுக ஏழு மணி பஸ்ஸுக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு வந்திருப்பாக. அந்தத் தாளு ஒரு மேசையிலயும் தூங்கப்பிடாது' என்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டு நீங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக்கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம், ஒரு மனு நாளில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து வந்தார்கள். சீவலப்பேரி பஸ்ஸில் வந்தவர்கள், ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர். அவர்களை எனக்கு முகம் தெரியும். அதற்கு முன் ஏழெட்டு முறை தாளில் மனு கொடுத்தவர்கள்தான், ஏழெட்டு முறையும் என் கையெழுத்தில் கார்டு வாங்கியவர்கள். அவர்கள் ஊருக்கு நேரே ஆற்றில் மணல் அள்ளினார்கள். லாரி லாரியாக, அனுமதிச் சீட்டில் எழுதியிருந்த ஆழத்தைப்போல நாலு மடங்கு ஆழத்துக்கு. கிணறுகள் வற்றிவிட்டன. படித்துறைக்கு அடியில் மண் அரித்து, கடைசிப் படி அந்தரத்தில் நின்றது. இதெல்லாம் தாளில் எழுதி வந்துவிட்டது. இந்தத் தடவை தாள் இல்லை. முன்னால் வந்த பெண் இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல ஒரு துணிச்சுருளை வைத்திருந்தாள். அவள் பேர் பேச்சியம்மாள். நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் பீடி இலை வெட்டிய கீறல்.

'தாளுல எழுதிக் குடுத்துக் குடுத்துச் சடவாப் போச்சு தாயி. அதான் துணில எழுதிட்டோம்' என்றாள்.

விரித்தார்கள். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டும் போதவில்லை. ஒரு போர்வை. ஒரு சாண் சதுரமாக வெட்டிய துண்டுகள், ஏழுக்கு ஏழு, மொத்தம் நாற்பத்தொன்பது. வீட்டுக்கு ஒரு துண்டு, அந்தந்த வீட்டில் உடுத்துக் கிழிந்ததில் வெட்டியது. புருஷன் சட்டை, மாமியார் சேலை, வயலுக்குக் கட்டிப்போன கைலி. ஒவ்வொன்றிலும் சங்கிலித் தையலில் அந்த வீட்டுக்காரியின் பெயர், அடியில் அவள் குறை. 'கெணத்துல தண்ணி இல்ல.' 'லாரி வருது, புள்ளைய வெளிய விடப் பயமா இருக்கு.' 'துணி வெளுக்க ரெண்டு மைல் நடக்கேன்.' எழுத்துத் தெரியாதவர்கள் படம் தைத்திருந்தார்கள், கவிழ்ந்த குடம், சக்கரம் நாலு போட்ட ஒரு பெட்டி. அடியில் பழைய சேலை ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சிவப்பு நூலில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். பீடி கட்டுகிற நூல்தான், தனியாக மெல்லிசாக இருக்கும், நாலு இழையை முறுக்கித் தைத்திருந்தார்கள். அதனால் போர்வை முழுக்கப் புகையிலை வாசனை.

எப்படித் தைத்தீர்கள் என்று கேட்டேன். அந்தச் சமயம் அந்த ஊரில் கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு. நாலு பேர் நின்று பேசினால் கலைக்க ஆள் வந்துவிடும். ஆனால் பீடி சுற்றி முடித்த பொம்பளைகள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தால் அதற்குப் பேர் கூட்டமா? 'வந்து என்ன பண்ணுதியன்னு கேட்டாக. தைக்கிதோம்னோம். என்னத்தன்னாக. போர்வைன்னோம். போயிட்டாக' என்றாள் பேச்சியம்மாள். பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதம் தினம் மத்தியானம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, யார் எதைச் சொல்வது, யார் முன்னால் நிற்பது, மனு நாளுக்கு யார் வீட்டுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று அத்தனையையும் பேசி முடித்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரே ஒரு துண்டில் மட்டும் எழுத்து இல்லை, படமும் இல்லை. நீலநிறம், பள்ளிக்கூடத் தாவணியில் வெட்டியது. அது பேச்சியம்மாளின் மகள் கோமதியுடையது. ஒன்பதாவது படித்த பிள்ளை. பிறந்ததிலிருந்து குளித்த படித்துறையில் குளிக்க இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்த இடத்தில்தான் கால் வைத்தாள். முந்தின வாரம் அங்கே மணல் எடுத்திருந்தார்கள்.

'இதுல ஒண்ணும் எழுதலையேக்கா' என்று நான் கேட்டுவிட்டேன். புத்திகெட்ட கேள்வி.

'அதுல என்னத்த எழுத?' என்றாள்.

பெரிய ஆபீசர் வந்தார். நின்று பார்த்தார். பேச்சியம்மாள் போர்வையை மடித்து இரண்டு கையாலும் நீட்டினாள். 'ஐயா, இதைக் கொண்டுபோயி ஒரு நா போத்திப் படுங்க. உறக்கம் வந்துச்சுன்னா எங்க மேல தப்பு, நாங்க இனிமே வர மாட்டோம். வரலன்னா மணல் அள்ளுதத நிறுத்துங்க. நிறுத்துன அன்னைக்கு வந்து வாங்கிக்கிடுதோம். அதுவரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்.' அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, எல்லாத் தாளும் வருவதுபோல அதுவும் தபால் பிரிவுக்கு வந்தது.

அண்ணாச்சி அதை மேஜையில் விரித்து ஒரு மணி நேரம் வாசித்தார். சதுரம் சதுரமாக, விரலை வைத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். 'ஏம்மா, இதை இப்படியே வச்சோம்னா என்ன ஆகும் தெரியுமா? சுருட்டி பீரோ மேல போட்டுருவான். அடுத்த ஆபீசர் வருவாரு, இது என்ன துணிம்பாரு. அவ்வளவுதான்.' எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். 'இதுல நாப்பத்தெட்டு கோரிக்கை இருக்கு. தண்ணிக்கு ஒரு துறை, லாரிக்கு ஒரு துறை, படித்துறைக்கு ஒரு துறை. ஒவ்வொண்ணும் அவனவன் மேசைக்கு அசலாப் போவணும். நம்பர் போட்டுப் போனா பதில் சொல்லித்தான தீரணும்? நாப்பத்தெட்டு பதில் வாங்கிருவோம்மா.' அவருக்குக் குரலே உயர்ந்துவிட்டது. நல்லது செய்யப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் வருகிற குரல் அது. பிறகு என்னைப் பார்த்து, 'துணி கிழியாமப் பிரிக்க இங்கன யாருக்குத் தெரியும்?' என்றார்.

எனக்குத் தெரியும் என்றேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் பள்ளிக்கூடம், பசை, கைக்குட்டை என்று இவ்வளவு நேரம் போக்குக் காட்டினேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று மத்தியானம் பிரித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கை கூசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை. மற்றப் பிரிவுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். நாலு இழை முறுக்கின நூலை ஒரு இடத்தில்கூட அறாமல் உருவி எடுத்தேன். தையல் டீச்சர் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். பழக்கதோஷம், வந்த நூலையெல்லாம் ஃபைல் அட்டையில் சுற்றி வைத்தேன்.

ஒவ்வொரு துண்டிலும் எழுதியிருந்ததைப் பதிவேட்டில் நகல் எடுத்து, ஓரத்தில் நம்பர் குத்தி, உறையில் போட்டு அனுப்பினோம். நாற்பத்தெட்டு உறை, நாற்பத்தெட்டு கார்டு. நீலத் துண்டு மிஞ்சியது. அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'கோரிக்கை இல்லையேம்மா, இதை எந்தத் துறைக்கு அனுப்ப?' என்றார். அவருக்கே குரல் இறங்கிவிட்டது. பதிவேட்டில் நாற்பத்தொன்பதாவது வரியில், 'கோரிக்கை ஏதும் இல்லை, கோப்பில் வைக்கலாம்' என்று எழுதினேன். என் கையெழுத்து. அழகாகவே இருக்கும் என் கையெழுத்து.

பதில்கள் வந்தன. 'பரிசீலனையில் உள்ளது.' 'இத்துறையைச் சார்ந்ததல்ல.' 'மனுதாரர் உரிய படிவத்தில் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.' அண்ணாச்சி ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மூடிவைப்பார். ஆறேழு வாரத்தில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்து பார்த்தால், கொஞ்ச தூரம் தள்ளி இருந்த பாலத்தின் தூண் ஒன்று அஸ்திவாரம் வரை வெளியே தெரிந்தது. மேலிடத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள், அளந்தார்கள், மணல் எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பாலத்துக்காக நிறுத்தினார்கள். கோமதிக்காக இல்லை, நாற்பத்தெட்டு துண்டில் எதற்காகவும் இல்லை. ஆனால் அது அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் வந்தார்கள். பேச்சியம்மாளும் நாலு பேரும். தலையில் பூ வைத்திருந்தார்கள். அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள், கிழங்கில் இன்னும் சூடு இருந்தது. 'நின்னுபோச்சு தாயி! லாரி ஒண்ணும் இல்ல. ஐயா உறங்கல போலிருக்கு!' பேச்சியம்மாள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. 'போர்வையைக் குடு. ஊருல எல்லாவளும் காத்துக்கிட்டு இருக்காளுவ.'

என்ன சொல்ல என்று நான் யோசிப்பதற்குள் கூட வந்த ஒருத்தி அறையின் மூலைக்குப் போய்விட்டாள். அங்கே சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. தூசி விழாமல் அதன்மேல் ஒரு பழைய சேலை மூடியிருந்தது. போர்வையின் அடிச்சேலை. துண்டுகளையெல்லாம் அனுப்பிய பிறகு அது மட்டும் சும்மா கிடக்கிறதே என்று ப்யூன் எடுத்து மூடியது. தினம் பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் உறுத்தவில்லை.

'ஏக்கா, இது நம்ம சுடலி மைனி சேலைல்லா?' என்றாள் அவள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி ஏறின புள்ளிகள் மட்டும் கட்டம் கட்டமாக இருந்தன.

அண்ணாச்சி எழுந்து வந்தார். விதிகளைச் சொன்னார், துறைகளைச் சொன்னார், நாற்பத்தெட்டு நம்பரையும் பதிவேட்டில் காட்டினார். சொல்லச் சொல்ல அவர் பேச்சு மெதுவாகி, நடுவிலேயே நின்றுவிட்டது. நான் பீரோவைத் திறந்து கோப்பிலிருந்து நீலத் துண்டை எடுத்துப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவள் அதன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நாலு பக்கமும் தடவினாள்.

'பிரிச்சது யாரு?'

'நாந்தான்க்கா.'

'நல்லாப் பிரிச்சிருக்க தாயி. ஒரு கண்ணுகூடக் கிழியல.'

திட்டியிருந்தால் இவ்வளவு வருஷம் ஞாபகம் இருந்திருக்காது. அவள் குத்தலாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவள் இன்னொருத்தி வேலையைப் பார்த்துச் சொன்னது அது.

'ஏம்மா, நல்லதுக்குத்தான் செஞ்சேன்' என்றார் அண்ணாச்சி.

'உங்களக் குத்தஞ் சொல்லல அண்ணாச்சி. ஒத்தை ஒத்தையாப் போனா எவனும் கேக்க மாட்டான்னுதான் ஒண்ணாச் சேத்துத் தச்சோம். நீங்க திருப்பி ஒத்தை ஒத்தையா ஆக்கிட்டிய.' துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட வந்தவள் மெஷின்மேல் இருந்த சேலையை எடுத்துத் தூசி தட்டி மடித்துக்கொண்டாள். போய்விட்டார்கள். பனங்கிழங்கை யாரும் தொடவில்லை, சாயங்காலம் வரை என் மேஜையில் ஆறிக் கிடந்தது. அண்ணாச்சி அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து கடிதம் எழுத ஆரம்பித்தோம். 'அசல் துணி மனுக்களைத் திருப்பி அனுப்பக் கோருதல்.' அண்ணாச்சி சொல்ல நான் டைப் அடிக்க, எல்லாத் துறைக்கும். மாதாமாதம் நினைவூட்டு. அவர் ரிட்டயர் ஆகிற மாதம் வரைக்கும் விடவில்லை. வந்தது மூன்று துண்டு. ஒன்றில் பஞ்ச் அடித்து டேக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் பெயருக்கு மேலேயே ரப்பர் ஸ்டாம்ப். இன்னொன்றில் யாரோ பேனா மையைத் துடைத்திருந்தார்கள். மற்றவை 'கோப்பில் காணப்படவில்லை'.

அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரி பஸ் ஏறினேன். நூல் சுற்றின அட்டையும் கைப்பையில் இருந்தது. கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்துப்போனேன். பேச்சியம்மாள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மோர் கொடுத்தாள். மூன்று துண்டையும் வாங்கி அந்தந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அப்புறம், கை வேலையை நிறுத்தாமலேயே கேட்டாள்: 'நூலை என்ன பண்ணுன?'

நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். அட்டையை வெளியே எடுத்தால் அவள் பார்ப்பாள். ஒரு இழை பிசகாமல், ஒரு முடிச்சு இல்லாமல், எவ்வளவு நிதானமாக, எவ்வளவு ஆசையாகச் சுற்றியிருக்கிறேன் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விதிக்குப் பயந்து, மனசில்லாமல் பிரித்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாளே, அது போய்விடும்.

'குப்பைல போட்டாச்சுக்கா' என்றேன்.

'அப்படியா' என்றாள். 'அது எல்லாரும் சேந்து முறுக்குன நூலு.' முறத்திலிருந்து அடுத்த இலையை எடுத்தாள்.

நாலைந்து வருஷத்தில் மணல் எடுப்பது திரும்ப ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை அதற்குத் தூர் வாருதல் என்று பெயர். நான் அப்போது அம்பாசமுத்திரத்துக்கு மாற்றலாகியிருந்தேன். பழைய ஆபீஸிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் சொன்னார், ஒரு மனு நாளில் பேச்சியம்மாள் வந்தாளாம், கையில் ஒரு நீலத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு. கூட யார் வந்தார்கள் என்று கேட்டேன். 'ஒருத்தரும் வரல. இன்னொரு தடவை துணி வெட்டிக் குடுக்க எவளும் சம்மதிக்கலையாம்' என்றார். நம்ம துணி எந்த ஆபீஸுல எந்த மூலையில கிடக்கோ என்று கேட்கிறார்களாம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்துதான் அவர் இதைச் சொன்னார். பாயசம் எடுத்துவந்தார்கள், வேண்டாம் என்றேன்.

பேச்சியம்மாளைப் பிறகு அவள் மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டதாகக் கேள்வி. அங்கே வெட்டுத்துணிக்குப் பஞ்சம் இல்லை. இருக்கிறாளா இல்லையா என்பது தெரியாது. அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பசைச் சிரட்டை போயிற்று, கார்டு போயிற்று. இப்போது மனுவை உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் அனுப்பிவிடலாம், நம்பர் உடனே வந்துவிடுகிறது. யாரும் நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏற வேண்டாம். யாரும் யாரையும் பஸ்ஸில் பார்க்கவும் வேண்டாம். அந்த ஊர்ப் படித்துறையைப் போன மழைக்கு ஆறு முழுசாகவே கொண்டுபோய்விட்டது என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்.

ரவிக்கைக்குச் சிவப்பு நூல் பொருந்தாது என்று தெரியும். தெரிந்தும் அட்டையிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, பைய இழுத்துப் பார்த்தேன். அறுந்துவிட்டது. இன்னொரு சுற்றிலிருந்து இழுத்தேன், அதுவும் அறுந்தது. பருத்தி நூல், இத்தனை வருஷத்தில் இற்றுப்போயிருக்கிறது. விரல் பட்ட இடத்திலெல்லாம் துண்டு துண்டாக உதிர்ந்து மடியில் விழுந்தது. அந்த மூன்று மத்தியானத்தில் நான் ஒரு தடவைகூட அறுக்கவில்லை.